வரிசை இல்லாத கடை

கடையில் வரிசையை ஒழித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

இனி யாரும் பில் போட நிற்க வேண்டாம். பொருளைப் போனில் காட்டி, அதிலேயே பணம் கட்டி, பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். காலையில் வந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓர் அம்மாள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"நெஜமாவே போலாமா? பின்னாடியே ஓடி வந்து பிடிக்க மாட்டீங்களே?"

உதவி மேசையில் இருந்த பெண் சிரித்துத் தலையாட்டினாள். பேசுவதைவிட அவளுக்கு அது எளிது.

புதுமுறைக்காக ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது. வாசல் காவலர்கள் வேறு நிறுவனத்து ஆட்கள் என்பதால் அவர்களைக் கூப்பிடவில்லை. காலைக் காவலர் பார்த்தே புரிந்துகொண்டார். மதியம் அவர் கிளம்ப, அடுத்த காவலுக்கு மாமா வந்தார். அவளுடைய அம்மாவின் தம்பி. அவளைப் படிக்க வைத்தவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர்.

"என்னடி, கவுன்டர்ல ஒருத்தரையும் காணோம்? ஈ ஓட்டுறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் வந்து சோப்பு எங்கே என்று கேட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது, சாம்பல் சட்டை போட்ட ஒருவர் இரண்டு பல்புகளையும் குழந்தைக்கான நீலத் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். மாமா அவர் சட்டையைப் பிடித்தார்.

"பட்டப்பகல்ல கொள்ளையா?"

"கட்டிட்டேங்க. போனைப் பாருங்க."

"எல்லாத் திருடனும் இதத்தான்டா சொல்றான்."

மாமா தட்டிவிட்டதில் போன் தரையில் விழுந்து நொறுங்கியது. அவர் மாமாவைத் தள்ளினார். ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை மாமா எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். அவர் விழுந்ததில் பை கிழிந்து பல்புகள் உடைந்தன. நீல பாட்டிலை ஒரு கையில் பிடித்தபடி, அந்தச் சில்லுகள்மேல் மறு கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"திருடன்" என்ற சொல் போதுமாயிருந்தது. பொருள் வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் கூடையைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உதைத்தார்.

அவள் மேசைத் திரையில் பச்சையாக நின்றது: பல்பு இரண்டு, நீல பாட்டில் ஒன்று. பணம் வந்துவிட்டது.

"மாமா!" என்று கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தாள். யாருடைய முழங்கையோ மூக்கில் இடித்தது. ரத்தம் உதட்டில் உப்பாக இறங்கியது.

மேலாளர் வந்தார். முதலில் திரையைத்தான் பார்த்தார். பிறகு அதை அணைத்தார்.

"நீ எதையும் பார்க்கல. வாயத் திறந்தா உன் மாமா கம்பி எண்ணணும். உனக்கும் வேலை இருக்காது."

சாம்பல் சட்டைக்காரரைக் கிடங்குக்கு இழுத்துப் போனார்கள். அவளும் பின்னாலேயே போனாள். மேலாளர் வீடியோ எடுக்கத் தன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"திருடினேன்னு சொல்லு. விட்டுடுறோம்."

அவர் ஒரு பல்லைத் துப்பினார். "கட்டிட்டேன்."

மாமா கம்பியை முழங்காலில் இறக்கினார். காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவர் அலறினார். மாமா கம்பியை மாற்றிப் பிடித்தார். "என்மேலயே கை வைக்கிறான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டார்.

தெருவில் யாரோ சொல்லி போலீஸ் வந்தது. தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் அதிகாரியின் குரல் மாறியது.

"யாரு இதப் பார்த்தது?"

மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"எங்கக்கா பொண்ணு பார்த்தா சார். அவளுக்குப் பொய் சொல்லவே வராது. சொல்லுடா கண்ணு, பயப்படாத."

தரையில் கிடந்தவர் அந்த நீல பாட்டிலை இன்னும் விடவில்லை.

இந்த முறை அவளுக்குக் குரல் வந்தது. கிடங்கின் கடைசித் தட்டுவரை கேட்டிருக்கும்.

"அவர் பணம் கட்டிட்டார், மாமா."