ஓரடி எட்டாத நூல்கள்

கட்டடக் கலைஞர் ஹரிஷங்கரின் மாடி நூலகத்திலிருந்த நாலாயிரத்துப் பன்னிரண்டு நகரமைப்பு நூல்களும், ஓர் ஆவணிச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல், அவர் கைக்கு ஓரடி எட்டாமல் நின்றன. கை நீட்டினால், கண்மாய் நீரில் நாரைகள் விலகுவதுபோல் ஓசையின்றிப் பின்வாங்கின; நெருங்கினால் அலமாரி சுவருக்குள் அமிழ்ந்தது; ஏணியில் ஏறினால் கூரை உயர்ந்தது. மனைவி சாருலதா எடுத்து விரித்துக் காட்டினாலோ, எழுத்துகள் தாளின் மறுபக்கம் போய்விட்டன. “புஸ்தகத்துக்கே உங்களைப் பிடிக்கலை. என்ன பண்ணித் தொலைச்சேள்?” என்றாள் அவள். அந்நூல்களைத் திறக்காமல் ஒரு கோடும் வரைந்தறியாத ஹரிஷங்கர் மூன்றாண்டுகள் வெற்றுத்தாளின் முன் அமர்ந்திருந்தார்.

நான்காம் ஆண்டு, நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து வார்டு உறுப்பினர் தாமரைச்செல்வி வந்தார். அச்செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஹரிஷங்கர் கையெழுத்திட்ட மனைப்பிரிவுக்குப் பின்னால் தாமரைச்செல்வியின் தெரு இருந்தது. புதிய சாலை முடியுமிடத்தில் குறுக்காக ஓரடி அகல நிலத்தை, பின்தெருவுக்கு வழி போகாதபடி தனித்துண்டாக வரைந்து, வேலியிட்டு, ஹரிஷங்கர் பெயருக்கே எழுதியிருந்தார்கள் மனை விற்றவர்கள். அதனால் பின்தெருவின் நாற்பது குடும்பங்களும் கேஸ் சிலிண்டரை வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் உருட்டிக்கொண்டிருந்தன. தாமரைச்செல்வி அலமாரியிலிருந்து தடித்த நூலொன்றை எளிதாக எடுத்தார்.

“எல்லாத்துக்கும் வழி விடணும்னு இதுல போட்டிருக்கா, சார்?”

“போட்டிருக்கும்மா.”

“அப்பப் படிச்சுட்டுத்தான் மறிச்சீகளா?”

ஹரிஷங்கர் கை நீட்டினார். நூல் பின்வாங்கியது. தாமரைச்செல்வி சிரித்துவிட்டார்: “எங்களுக்கும் ரோடு அம்புட்டுத் தூரந்தான் சார். ஓரடி.”

மறுவாரம் அவ்வோரடியை ஊராட்சிக்குத் தானமாகப் பதிவுசெய்து ஹரிஷங்கர் வீடு திரும்பியபோது, நூல்கள் அரையடி தள்ளி நின்றன. தாளில் திறந்த வழி தரையில் திறக்கவில்லை; கல்லுக்கால் வேலி அப்படியே நின்றது. விடிந்ததும் கடப்பாரையோடு சென்று, பின்தெருவினரோடு சேர்ந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கினார். முதல் சிலிண்டர் வண்டி தெருவுக்குள் நுழைந்த கணத்தில், மதுரை வீட்டில் சாருலதாவின் தலைக்கு மேலே புறாக்கூட்டம் இறங்குவதுபோல் ஓசை கேட்டது. நாலாயிரத்துப் பன்னிரண்டு நூல்களும் முன்வந்து, அறையில் கால் வைக்க இடமில்லாமல் செய்திருந்தன. பக்கங்களில் படிந்திருந்த செம்மண்ணை ஹரிஷங்கர் துடைக்கவில்லை.

இப்போது வரைபடத்தோடு வருவோர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அலமாரியைப் பார்க்கிறார்கள். நூல்கள் அசைந்தால், காபியைக் குடித்துவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோகிறார்கள்.