கொக்கோ ஏன் எழுந்திரிக்கல?

"அதெல்லாம் எனக்குத் தெரியாது குஞ்சம்மா. கொடி ஏத்துறப்ப தெருவே எந்திரிச்சு நிக்குது. உன் நாய் மட்டும் படுத்துக்கிட்டுக் கொட்டாவி விடுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"தூக்கம் வருதுன்னு அர்த்தங்க."

தெருக் கமிட்டித் தலைவர் சிதம்பரநாதனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. அதுவரை துரைமார்களுக்குக் குனிந்து குனிந்து கும்பிடு போட்ட மனுசன், இப்போது கஞ்சி வாசனை போகாத கதர் ஜிப்பாவில் தேசபக்தியை அளந்துகொண்டிருந்தார்.

கொக்கோ ஒரு பிரெஞ்சு போலீஸ் அதிகாரி வளர்த்த நாய். அவர் கப்பல் ஏறும்போது பியானோவைக்கூட மறக்காமல் எடுத்துப் போனார். பன்னிரண்டு வயது நாயைச் சமையல்காரி குஞ்சம்மாவிடம் விட்டுவிட்டார். ஞாயிறுதோறும் கமிட்டி வாசலில் கொடியேற்றம். நாலு ஞாயிறாகக் கொக்கோ எழுந்திருக்கவில்லை.

"ரத்தத்துலயே பிரான்சு ஊறிப்போச்சு அதுக்கு. ஜனவரி இருபத்தாறு வரைக்கும் பார்ப்பேன். அன்னிக்கும் படுத்துக் கெடந்துச்சுன்னா, பாண்டிச்சேரிக்கு அனுப்பி அங்கேருந்து கப்பல் ஏத்திடுவேன்."

குஞ்சம்மாவுக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வீட்டில் அவள் பேசினால் காதை ஆட்டிக் கேட்க அந்த ஒரு நாய்தான் உண்டு. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் உற்றுப் பார்த்தாள். கொக்கோ முன்கால்களை ஊன்றியது. கொஞ்சம் யோசித்தது. பின்னங்கால்கள் நடுங்கி, வழவழப்பான சிமெண்டுத் தரையில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. வெயில் ஏறியதும் அதே நாய் தெருமுனைவரை போய்வந்தது. காலையில் இறுகி மத்தியானம் இளகும் இந்த வியாதியைக் குஞ்சம்மா நன்றாக அறிவாள். அவள் முட்டியும் அதே கதைதான்.

"அடப்பாவி, உனக்கும் மூட்டுவலியா? அந்தாளு இதைப் போயி அரசியல்ங்குறாரே!"

அன்றே வைத்தியம் தொடங்கியது. வழுக்காமலிருக்கத் தரையெல்லாம் சாக்கு விரித்தாள். வைக்கோல் திணித்த மெத்தை தைத்தாள். படியேறச் சிரமப்படாமல் பழைய கதவுப் பலகையைச் சாய்த்துப் போட்டாள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு அதன் இடுப்பில் ஒத்தடம் கொடுத்தாள். காலையும் மாலையும் கொஞ்ச தூரம், அவசரமில்லாமல் நடை.

பெரிய சண்டை பக்கத்து வீட்டு மெஹர் பானுவோடுதான் நடந்தது. சுவருக்கு மேலே அவள் நெய்ச்சோற்றை நீட்டினால் கொக்கோவுக்கு மூட்டுவலியே மறந்துவிடும்.

"ஒரு வாய் சோத்துல என்னக்கா ஆயிடப் போவுது?"

"மூணு வேளையும் ஒரு வாய் போடுற. அது உடம்பு இளைச்சாத்தான் காலு தாங்கும். ஒனக்குப் புண்ணியம் வேணும்னா எனக்குக் கொண்டாந்து போடு!"

மூன்று வாரத்தில் நாய் இளைத்தது. சோற்றை வாங்கித் தின்ற குஞ்சம்மா பெருத்தாள்.

கொடியேற்றம் காலை ஏழு மணிக்கு என்றார் சிதம்பரநாதன். மூட்டு இறுகிக் கிடக்கும் நேரம்.

"அதுக்கு மூட்டுவலிங்க. பத்து மணிக்கு வச்சுக்குங்களேன். வெயில் வந்துடும்."

"குடியரசு தினத்தை நாயைக் கேட்டுக்கிட்டா வைக்க முடியும்?"

அன்று விடியும்போதே அடுப்பு மூட்டி இரண்டு தடவை ஒத்தடம் கொடுத்தாள். மெதுவாக நடத்திக் கூட்டிப்போனாள். மடித்த சாக்கில் கொக்கோவைப் படுக்கவைத்து, பனி ஈரத் தரையில் தான் உட்கார்ந்தாள். அந்த அமளியில் தன் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க மறந்தே போனாள். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார்.

கொடி ஏறியது. தேசிய கீதம் தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். குஞ்சம்மா கையை ஊன்றினாள், முனகினாள், எழ முடியவில்லை. கொக்கோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. முன்கால், சின்ன யோசனை, பின்கால். எழுந்தே விட்டது! இரண்டடி நடந்து வந்து, பிடித்துக்கொள் என்பதுபோல முதுகை அவள் தோளில் சாய்த்து நின்றது.

தலைவர் முகம் மலர்ந்தது. பிறகு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாவைக் கண்டதும் சுருங்கியது. கீதம் முடியும்வரை விறைத்து நின்றதால், திட்ட வேண்டியதையெல்லாம் புருவத்தாலேயே திட்டினார். மெஹர் பானு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நாய் எந்திரிச்சிடுச்சு. நீ எந்திரிக்கலையே, குஞ்சம்மா!"

"முட்டி வரலைங்க. கப்பல் எப்பன்னு சொல்லுங்க, நான் போறேன். அது இங்கேயே இருக்கட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் கொக்கோவின் தேசபக்தியைப் பாராட்டி இன்னும் பத்து நிமிடம் பேசினார் தலைவர். அதற்குள் கொக்கோ மறுபடி படுத்துவிட்டது.

அது கொடிக்காகத்தான் நின்றது என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். குஞ்சம்மாவைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தவிடு வறுக்கப் போய்விடுகிறாள். நீங்கள் சொல்லுங்களேன், அது யாருக்காக எழுந்தது?