கோலமாவு கலந்த சாக்பீஸ்

சாக்பீஸ் செய்யும் வேலை முழுக்க உங்களுடையது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மெட்டில்டா டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். என்ன செய்வது, யார் செய்வது என்பதை அவர்களே கைதூக்கி முடிவெடுக்கலாம். அடிபடுகிற காரியமாக இருந்தாலொழிய அவர் குறுக்கே வரமாட்டார்.

அது 1979. எல்லா வகுப்புக்கும் ஒரு கைத்தொழில் கட்டாயம் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. சிகந்தராபாத்தை அடுத்த நாச்சாரத்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியின் மற்ற வகுப்புகள் காகிதப் பூ, கைக்குட்டை என்று ஆசிரியைகள் சொன்னதைச் செய்தன. மெட்டில்டாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. படிப்பு, வேலை, சிகந்தராபாத்தில் கல்யாணம் என்று அவர் வாழ்க்கையில் எதையும் யாரும் அவரைக் கேட்டு முடிவு செய்ததில்லை. இந்தப் பிள்ளைகளையாவது கேட்கட்டும் என்று நினைத்தார்.

பிள்ளைகள் நீலாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அப்பா ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கலவை போடும் பொறுப்பு கொர்னேலியஸுக்கு. பிளாஸ்டர் மாவைக் குழைத்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி, வெயிலில் காயவைத்தார்கள். முதலில் செய்தவை நன்றாகவே எழுதின. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குப் பள்ளியும் கேட்டு அனுப்பியது. அப்போதுதான் மாவு போதவில்லை.

"கோலமாவு கலக்கலாம்," என்றான் கொர்னேலியஸ். "அதுவும் வெள்ளைதானே. நெறய வரும்."

"எழுதுமா?" என்று கேட்டாள் நீலா.

"ஹவ், ஆமா, எழுதும். நான் எங்க வீட்டுச் சுவத்துல எழுதிப் பாத்தேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நீலாவின் கையும்தான். பின் பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த மெட்டில்டாவின் பேனா ஒரு நொடி நின்றது. கோலமாவு என்பது அரைத்த கல்தானே என்று தோன்றியது. ஆனால் இதில் யாருக்கும் அடிபடப் போவதில்லை. அவர் மறுபடி திருத்தத் தொடங்கினார்.

கோலமாவு கலந்து செய்த சாக்பீஸ் தெலுங்குப் பள்ளிக்குப் போனது. அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு சிறுமி மீதி சாக்பீஸைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "போர்டெல்லாம் கீறல்," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

கொர்னேலியஸ்தான் முதலில் பேசினான். "திருப்பிக் குடுத்துட்டாங்க இல்ல, முடிஞ்சுது. இனிமே நல்லதா செய்யலாம்."

"சாக்பீஸைத் திருப்பிக் குடுத்தாங்க. அவங்க போர்டு?" என்றாள் நீலா. "நாமதான் போய்ச் சரி பண்ணிக் குடுக்கணும்."

"நக்கோ, வேணாம். அங்க போனா எல்லாரும் சிரிப்பாங்க."

கைதூக்கிப் பார்த்தார்கள். போகவேண்டாம் என்ற பக்கமே அதிகம். நீலா கையை இறக்கினாள். பிறகு, "சரி. அப்போ நான் தலைவியா போகலை. கோலமாவுக்கு நானும் கைதூக்கினேன், அதனால போறேன்," என்றாள்.

விஷயம் தலைமையாசிரியர் புருஷோத்தமன் காதுக்கும் போனது. மாவட்டக் கண்காட்சிக்கு இந்த வகுப்பின் பெயரைத்தான் அவர் அனுப்பியிருந்தார். மெட்டில்டாவைக் கூப்பிட்டார்.

"கண்காட்சி முடியட்டும். அதுவரைக்கும் இதைக் கிளறாதீங்க."

"அந்தப் பொண்ணு போறேங்கிறா சார். நான் தடுக்க முடியாது."

"கலக்கும்போதாவது தடுத்திருக்கலாமே. நீங்க டீச்சரா, வேடிக்கை பாக்க வந்தவங்களா?"

மெட்டில்டாவுக்கு அது தப்பான கேள்வியாகப் படவில்லை. அன்று தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போர்டு தப்பித்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கைதூக்குமுன் தன் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

சனிக்கிழமை நீலாவும் இன்னும் நாலைந்து பேரும் கிளம்பினார்கள். ரயில் பாதையைத் தாண்டவேண்டும் என்பதற்காக மெட்டில்டாவும் கூடப் போனார். பேசுவதில்லை என்ற முடிவோடுதான் போனார்.

அந்தப் பள்ளியின் ஆசிரியை வாசலிலேயே நிறுத்தி, "என்ன?" என்றார்.

நீலாவுக்குத் தெலுங்கு சரளமாக வரும். அன்று திக்கியது. "பிளாஸ்டர் மாவு போதலைன்னு கோலமாவு கலந்தோம். தப்பு எங்களோடது. போர்டை நாங்களே சரி பண்ணித் தரோம்."

ஆசிரியை சிரிக்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "உள்ள வாங்க," என்றார். வகுப்பறைச் சுவரில் இருந்த கரும்பலகையில் வெள்ளை வெள்ளையாக நீளக் கோடுகள். பலகைக்குக் கருப்புப் பூச, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வருஷா வருஷம் செய்வதுபோலக் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து அரைத்தார்கள். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த அதே சிறுமி, நீலா தேய்த்த இடம் திட்டுத் திட்டாக இருக்கிறதென்று துணியை வாங்கி மறுபடி தேய்த்தாள்.

வேலை ஒரே நாளில் முடியவில்லை. மறுநாள் மாதா கோயில் பூசை முடிந்து கொர்னேலியஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடேயே வந்து நின்றான். நேராகப் போய்க் கரி அரைக்க உட்கார்ந்தான்.

விஷயம் வெளியே தெரிந்துவிட்டதால் கண்காட்சிக்கு அந்த வகுப்பு போகவில்லை. அதில் பலருக்கு நீலா மேல் கோபம். அடுத்த பருவத்துத் தேர்தலில் அவள் தோற்றுப்போனாள். ஜெயித்தது கொர்னேலியஸ். முடிவை மெட்டில்டா கரும்பலகையில் எழுதினார். திரும்பிப் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்லிவிடலாமா என்று நா வரை வந்தது. சொல்லவில்லை.

கொர்னேலியஸ் நீலாவின் பெஞ்சுக்குப் போனான். "கலவை இனிமே நீ பாரு. நான் பாத்தா மறுபடி எதையாவது கலந்துடுவேன்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

மணியடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடும்போது மெட்டில்டா அவளை நிறுத்தினார். "வருத்தமா இருக்கா நீலா?"

"இருக்கு டீச்சர்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "அடுத்த தடவையும் நிப்பேன்."

வெளியே பிளாஸ்டர் மூட்டையை யாரோ வெயிலிலேயே விட்டிருந்தார்கள். நீலா கொர்னேலியஸைக் கூப்பிட்டு, உள்ளே தூக்கிப்போக மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள்.