பச்சைப் பட்டியல்

அந்த ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அன்று காலை நடந்ததைத் திருத்தம் என்று சொல்ல வாய் கூசுகிறது.

பத்து மணிக்குப் புதிய மென்பொருள் ஓடத் தொடங்க வேண்டும். டாக்டர் ஒரு மருந்தைப் பதிந்ததும், அது அந்த நோயாளிக்கு ஆகாததா என்று ஒவ்வாமை அட்டவணையில் தேடித் தடுப்பதற்கு, ட்ரிக்கர் என்று தானாக ஓடும் ஒரு சின்ன நிரல் உண்டு. தேடுகிற வேலை அதற்குள் இருக்கும் ஆறு வரிக் குவெரியுடையது. இரண்டு நாளைக்கு முன் யாரோ அந்த அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டார்கள். மாற்றிய புண்ணியவான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய பெயரைத் தேடிய இதுபோன்ற பன்னிரண்டு ட்ரிக்கர்களும் கம்பைல் ஆகாமல், அதாவது கணினி ஏற்காமல், திரையிலிருந்த பட்டியலில் சிவப்பாக நின்றன.

எல்லோரும் டேட்டாபேஸ் அக்கா என்று கூப்பிடும் அவள், ஏழு மணிக்கே வந்து ஒவ்வொன்றாகத் திறந்து, புதுப் பெயரைப் போட்டு, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ட்ரிக்கர்கள் முடிந்தன. மூன்றாம் மாடியில் பதிமூன்றாம் கட்டிலில் அவளுடைய சொந்த அக்கா படுத்திருந்தாள். பெனிசிலின் என்றால் அக்காவுக்கு முகம் வீங்கிவிடும். ஓர் எட்டு போய்ப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் தண்ணீர் கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். பட்டியல் முழுக்கப் பச்சை.

பக்கத்து மேசைக்காரன் காலாட்டிக்கொண்டிருந்தான். பிரிவில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர்.

"மிச்சம் மூணையும் முடிச்சிட்டேன்க்கா. அஞ்சே நிமிஷம்!"

திறந்து பார்த்தாள். மருந்து ட்ரிக்கரின் ஆறு வரிகளையும் கணினி படிக்காமல் தாண்டிப் போகும் வெறும் குறிப்பு வரிகளாக்கி, ஓடாமல் செய்திருந்தான். கீழே, எதையும் செய்யாத ஒற்றை வரி. கம்பைலருக்கு என்ன வந்தது, எழுதிய முறை சரியாக இருந்தால் பச்சை காட்டிவிடும். மற்ற இரண்டிலும் இதே கூத்து.

"இதுக்குப் பேரு சரி பண்றதா? தேடுற ஆளையே தூங்க வச்சிருக்கியே!"

"சார்தான் சிவப்பே தெரியக் கூடாதுன்னார்க்கா."

அந்த சார் பின்னாலேயே நின்றிருந்தார். மேலாளர்.

"டைரக்டர் வர்ற நேரம்மா. பட்டியல் சுத்தமா இருக்கு. குவெரியை நாளைக்குப் போட்டுக்கலாம்."

"இன்னிக்கு மருந்து வாங்குறவங்க கதி?"

"உங்கக்கா உள்ள இருக்காங்கன்னு பதட்டப்படுறீங்க. ஒருத்தருக்காக ஆஸ்பத்திரியே நிக்கணுமா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலுக்குப் பயப்படுகிற மனிதர், படுத்திருக்கிறவர்களுக்குப் பயப்படவில்லை. இத்தனை வருஷம் இவரிடமா தலையாட்டிக்கொண்டிருந்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"எங்கக்காவுக்கு நான் இருக்கேன் சார். மாடியேறிப் போய் நர்ஸ்கிட்ட வாயால சொல்லிடுவேன். மத்தவங்களுக்கு இந்த ஆறு வரிதான் இருக்கு. அது வேணாம்னா, இன்னிக்கு ஒவ்வாமை பாக்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எல்லா வார்டுலயும் நானே ஒட்டிட்டு வர்றேன்."

மேலாளர் பேனாவை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம். இப்படி மறைக்காம இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

டைரக்டர் வந்தபோது பட்டியலில் இன்னும் ஒரு சிவப்பு இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. குறிப்புக் குறிகளை நீக்கி, புதுப் பெயரைப் போட்டு, கம்பைல் செய்து, ஒத்திகைத் தரவில் பொய் நோயாளிக்கு ஆகாத மருந்தைக் கொடுத்து, அது தடுக்கப்பட்டதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

பத்தேகாலுக்கு அவள் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. மேலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா, மறுபடியும் எரரா?"

மூன்றாம் மாடி, பதினான்காம் கட்டில், ஊசி மருந்து, தடுக்கப்பட்டது. தண்ணீர் கேட்ட பெரியவர். அவள் இரண்டு முறை படித்தாள்.

"எரர் இல்ல சார். நாளைக்குப் போட்டுக்கலாம்னீங்களே, அந்தக் குவெரி."