எஞ்சின் ஆறும் வரை

தங்கையை அடக்கம் செய்த மறு வாரம், மாப்பிள்ளை அவளுடைய பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார். அவளுடைய வண்டிதான் அது. வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிப்போய் இறக்கிப் பிழைத்தவள் அவள். மாப்பிள்ளை தையல்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் பாம்பைப் பிடித்தவர் மாதிரி உட்காருவார். எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதை நான் மறைத்ததும் இல்லை.

"சரி பண்ண வேண்டாம் மச்சான். நான் நிறுத்தாம ஓட்டியிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்குமா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவளுக்கு நெஞ்சு வலிக்கிறதென்று அவர்தான் வண்டியை எடுத்திருக்கிறார். பாதி வழியில் எஞ்சின் முன்பக்கம் கரகரவென்று சத்தம். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது.

"அவதான் நிறுத்தச் சொன்னா. எனக்கு இது வெறும் வாயு, எஞ்சின் போனா பொழப்பே போச்சு, ஆறட்டும்னா. பானட்டைத் திறந்து வச்சுட்டு நின்னேன். திரும்பி வந்து பாத்தா கதவுல சாஞ்சிருந்தா. அங்கேருந்து பாத்தா பாலம் தெரியுது மச்சான். பாலம் தாண்டினா ஆஸ்பத்திரி."

சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. எஞ்சின் ஆறட்டும் என்று எவனாவது நிற்பானா? குற்றம் இவர் மேல்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற வெறியோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் அங்கங்கே வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் பம்பில் வைத்ததும் காதுக்குள் கல் அரைத்தது. பெல்ட்டைக் கழற்றிப் பம்பின் புல்லியை ஆட்டினால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. பம்பின் பேரிங் போய், அந்த வழியாகத் தண்ணீர் முழுக்க ஒழுகியிருக்கிறது. சத்தத்துக்கும் சூட்டுக்கும் காரணம் அது ஒன்றுதான்.

ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. எஞ்சின் எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்க்க அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அது முடியும்வரை தினமும் வந்து வாசலிலேயே நின்றார். டீ கொடுத்தால் கையில் வைத்தபடியே ஆறவிடுவார். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற மனுஷன், தன் சட்டைக்குப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஹெட்டைத் துடைத்து, இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி அதன் மேல் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். சூட்டில் ஹெட் வளைந்திருந்தால் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசியும். வளைந்திருந்தால் எஞ்சின் அப்போதே செத்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடலாம். ஒரு கீற்று தெரிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். குறுக்கே வைத்தேன், நீளத்தில் வைத்தேன், மூலைக்கு மூலை வைத்தேன்.

எங்கேயும் வெளிச்சம் இல்லை. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடும் முழுசாக இருந்தது. ஓட்டியிருந்தால் எஞ்சின் வீணாய்ப் போயிருக்கும், போனால் போகட்டும். பாலத்தைத் தாண்டியிருக்கும். அவர் எஞ்சினைக் காப்பாற்றியிருந்தார்.

"போயிருக்காது மாப்ள," என்றேன். "ஹெட்டே வளைஞ்சு போச்சு. நீங்க நிறுத்தலேன்னாலும் அதுவா நின்னிருக்கும்."

அவர் மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து, நான் வைத்த மாதிரியே ஹெட்டின் மேல் நிமிர்த்தி வைத்தார். டார்ச்சைப் பின்னால் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நாள் முழுக்கத் துணியில் நேர்கோடு பார்க்கிறவருடைய கண் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தார்.

பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்கேலை இருந்த இடத்திலேயே வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா மச்சான், வளைஞ்சுதான் இருக்கு," என்றார். "நீங்க அழாதீங்க."