பத்தடி அறைக்கு வந்த பெரிய ஸ்பீக்கர்

பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆம்ப்ளிஃபையர் வாங்கியாகிவிட்டது. ஸ்பீக்கர்தான் பாக்கி.

கடைக்காரர் இரண்டு ஜோடி போட்டுக் காட்டினார். சின்னது அலமாரியில் அடங்கும். குரல் சுத்தம், ஆனால் தவில் தகர டப்பா மாதிரி கேட்டது. பெரியது என் இடுப்பு உயரம். அதில் தவிலின் ஒவ்வொரு அடியும் வயிற்றுக்குள் இறங்கியது.

“ரெண்டுமே உங்க ஆம்ப்ளிஃபையருக்கு ஒத்து வரும் மேடம். ரூம் எவ்வளவு பெருசு?”

பத்துக்குப் பத்து, தகரக் கூரை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர் என்றேன். அவர் கை தானாகச் சின்னதின் பக்கம் போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தடி அறையில் இருப்பவளுக்குப் பெரிய சத்தம் கேட்க யோக்கியதை இல்லையா? பெரியதையே எடுத்தேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

“ஆசை இருக்கு தாசில் பண்ண...” என்று என் கணவர் ஜெயகரன் இழுத்தார். பழமொழியில் கழுதை வருவதற்குள் நான் பாட்டைப் போட்டுவிட்டேன்.

தவில் இறங்கியது. அலமாரிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தது. அடுத்த நொடி, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் நந்திதுர்க் லைன் வீட்டு வரிசை மொத்தமும் தெருவில் நின்றது. எதிர்வீட்டு ஏனோக் அண்ணன் தலை நிறைய சோப்பு நுரையோடு. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா அத்தை மாவு சொட்டும் கரண்டியோடு. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமானாலும், கீழே எங்கோ பாறை வெடித்து எப்போதாவது மண் குலுங்கும். ராக் பர்ஸ்ட். தரை அதிர்ந்தால் கூரை விழுமுன் வெளியே ஓடிவிட வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“வூட்டுக்குள்ள இன்னாதாண்டி வெச்சினு கீற நளினி?” என்றார் அத்தை.

திருப்பிக் கொடு என்று எல்லாரும் ஒரே பிடி. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாங்கினேன். தினமும் சாயங்காலம் பாட்டுப் போட்டேன். மறுநாள் பாதிப் பேர்தான் ஓடிவந்தார்கள். அதற்கடுத்த நாள் அத்தை வாசல்வரை வந்து, திட்டிவிட்டுப் போனார். அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்ட குஷியில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

சனிக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். டம்மென்று ஒரு சத்தம். குடம் ஆடியது, கூரைத் தகரமெல்லாம் தடதடத்தது. குடத்தைப் போட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் என்னைத் தவிர ஓர் ஆள் இல்லை. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது. “ஏம்மா நளினி, சவுண்டக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா, சீரியல் கேக்கல!”

“ஐயோ, பாட்டு இல்ல அத்த, நெஜம்! வெளிய வாங்க!” என்று கதவு கதவாகத் தட்டினேன். வந்தார்கள், ஆனால் கொட்டாவி விட்டுக்கொண்டு. நல்லவேளை, ஒருவர் கூரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஆட்டோவில் ஏற்ற ஏனோக் அண்ணன்தான் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தார்.

“சின்னதா மாத்தப் போறியாமே? இன்னாத்துக்கும்மா? இப்பதான் எங்களுக்கே பழகிப்போச்சே!”

“அதனாலதாண்ணா,” என்றேன்.