கேக்கில் எழுதாமல் விட்ட பெயர்

1

இந்தக் கதை எனக்குக் கேக்கோடு வந்தது. சங்கனாச்சேரியில் என் பக்கத்து வீட்டுக்காரி பின்சி, ஞானஸ்நானத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் கேக் செய்து கொடுப்பவள். கேக்கின் மேட்டைச் சீவிச் சமமாக்கும்போது விழுகிற துண்டுகள் எங்கள் வீட்டுக்கு வரும். ஒருநாள் துண்டுகளோடு, முந்தின நாள் நடந்ததையும் சொல்லிவிட்டுப் போனாள். சும்மா கிடைத்தால் நான் எதையும் விடுவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கேக் செய்த பின்சிக்குப் பிள்ளை இல்லை. வெளியே மழை. அவள் கண்களிலும்…’

படித்துக் காட்டினேன். பின்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“சேட்டா, எனக்கு மூணு பசங்க. மூணும் இப்ப உங்க மதில் மேலதான் நிக்குது. ஒரே வரியில மூணையும் இல்லாம ஆக்கிட்டீங்களே! சரி, பரீட்சை முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

நடந்தது இது. ஷெரின் என்ற பெண்ணின் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம். இரண்டடுக்குக் கேக், மேலே சர்க்கரையில் ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தூங்க வேண்டும். குழந்தையின் புட்டத்தை உருட்டுவதில் பின்சியை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.*

குழந்தையின் தாத்தா குரியாக்கோஸ் போன் செய்தார். ஷெரினின் மாமனார்.

“மோளே, கேக்குல குரியாக்கோஸ்னு பெருசா எழுது. மூத்த பேரனுக்கு என் பேருதான். கூப்பிடறதும் அதேதான்.”

சற்று நேரத்தில் ஷெரினே கூப்பிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

“சேச்சி, கோயில்ல அவர் பேரையே வெச்சுக்கட்டும். வீட்டுல கூப்பிட நான் வெச்ச பேரு, ‘ஏதன்’னு எழுதுங்க. இந்த வீட்டுல ஒரு திரைச்சீலை கூட என்னைக் கேட்டு வாங்கினதில்ல.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அப்பா சொன்னாலும் தலையாட்டறார். நான் சொன்னாலும் தலையாட்டறார்.”

(அந்தக் கணவனுக்கு ஒரு பெயரும் நான்கு வசனமும் கொடுத்திருந்தேன். அவன் எதையும் பயன்படுத்தவில்லை. திரும்ப வாங்கிக்கொண்டேன்.)

பின்சியின் மூன்று பையன்களுக்கும் பெயர் வைத்தது அவள் கணவன் வீட்டார். அவளை யாரும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அது ஞாபகம் வந்து, பிசைந்துகொண்டிருந்த சர்க்கரை மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினாளாம். இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைச் சொன்னாள்: “மழைக்காலம், எழுத்து ஒழுகிடும். அங்க வந்து எழுதறேன்.”

* யாரைப் பார்த்து உருட்டுகிறாள் என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரரைத்தான். அளவு மட்டும் குறைச்சிருக்கேன்.”

4

கோயில் மண்டபம். கேக் வெட்டும் நேரம். பெயருக்கான இடம் காலியாக இருந்தது. சாக்லேட் நிரப்பிய ஐசிங் பையோடு பின்சி நின்றாள். எல்லோர் கண்ணும் அவள் கையில்.

“எழுது மோளே, என்ன யோசனை?” என்றார் குரியாக்கோஸ்.

குழந்தையை அணைத்தபடி ஷெரின் தரையைப் பார்த்தாள்.

இங்கே பின்சிக்கு அருமையான ஒரு சொற்பொழிவு எழுதி வைத்திருக்கிறேன். பெண், தாய்மை, உரிமை… (மிச்சம் வேறு கதைக்கு.) அவள் சொன்னது இவ்வளவுதான்:

“பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன் அப்பச்சா, கை நடுங்குது. ஷெரினே, நீயே எழுதிடு.”

குழந்தையை வாங்கிக்கொண்டு பையை அவள் கையில் திணித்தாள். பின்சிக்குப் பிரஷரும் இல்லை, மாத்திரையும் இல்லை.

ஷெரின் குனிந்தாள். முதல் எழுத்து அப்பளம் போலப் பரவியது. நிறுத்தவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் வியர்வை.

“கண்ணாடி இல்ல. என்ன எழுதியிருக்கா?” என்றார் குரியாக்கோஸ்.

ஞானஸ்நானம் கொடுத்த அச்சன்தான் படித்தார்: “ஷெரினோட மகன்.”

5

முடிவுகள்.

அ) குரியாக்கோஸ் கண்கலங்கி மருமகளின் தலையில் கை வைத்தார். (பின்சி: “அந்த ஆளா? போங்க சேட்டா!”)

ஆ) கோபத்தோடு மண்டபத்தை விட்டு வெளியேறினார். (பின்சி: “பிரியாணியே இன்னும் பரிமாறல. யாரு வெளியேறுவா?”)

இ) நடந்தது. அவர் நாற்காலியை இழுத்துக் கேக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிரியாணி சாப்பிட்டார். கேக் வந்தபோது “சுகர்” என்றார். அச்சனுக்கும் சுகர்தான். அவர் சர்க்கரைக் குழந்தையின் புட்டத்தையே கேட்டு வாங்கித் தின்றார்.

பிறகு ஷெரின் இலையில் உட்கார்ந்ததும் குழந்தை வீறிட்டது. அவள் எழுந்திருக்கப் போனாள். “சாப்பிடு” என்று சொல்லிவிட்டுக் குரியாக்கோஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பெற்ற பிறகு அவள் ஆறாத சோறு சாப்பிட்டது அன்றுதான். அவர் நடந்தார், தட்டினார், விசிலடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குழந்தையின் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அழுகை நின்றது.

பந்தி இரைச்சலில் பின்சிக்கு அது கேட்கவில்லை. ஷெரினுக்குக் கேட்டிருக்கிறது. சோற்று வாயோடு சிரித்தாளாம். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நான் எந்தப் பெயரை எழுதினாலும் ஒருவரைத் தோற்கடிக்க வேண்டியிருக்கிறது. அவர் குனிந்தபோது பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். சொல்லுங்கள், என்ன கூப்பிட்டார்?